பேஸ் அம்ப்பில் பெடல் ஸ்டீல் வாசித்தால் ஸ்பீக்கர் போகாது

பெடல் ஸ்டீலை (தந்திமேல் உலோகக் கட்டையை நகர்த்தி, பெடல் மிதித்து சுருதி மாற்றி வாசிக்கும் கிட்டார் வகை) பேஸ் கிட்டாருக்கான அம்ப்பில் போட்டால் ஸ்பீக்கர் கிழிந்துவிடும் என்று மேலே எழுதிய அண்ணா, விஷயம் தலைகீழ். சாதாரண கிட்டார் அம்ப்பில் பேஸை உரக்க வாசித்தால்தான் அந்தப் பயம். பேஸின் அடித் தந்தி சுமார் 41 ஹேர்ட்ஸ். ஈ9 என்கிற வழக்கமான சுருதியமைப்பில் ஸ்டீலின் அடித் தந்தியே 123 ஹேர்ட்ஸ் அளவில்தான் இருக்கிறது, அதைத் தாங்காத பேஸ் ஸ்பீக்கரா? ஸ்டீலுக்குத் தேவை வொலியூம் பெடலை எவ்வளவு மிதித்தாலும் கரகரக்காத சுத்தமான ஒலி. ஸ்டீலுக்கென்றே செய்த பீவி நாஷ்வில் 400 அம்ப்பிலும், பல பேஸ் அம்ப்களைப் போலவே, 15 அங்குல ஸ்பீக்கர்தான். குறை வேறு இடத்தில். பல பேஸ் அம்ப்களில் ரிவேர்ப் (எதிரொலி போன்ற முழக்கம்) கிடையாது, மேல்சுரங்களும் கொஞ்சம் மங்கும், ஒரு ரிவேர்ப் பெடல் போட்டு பேஸ் குமிழைக் குறைத்தால் சரி. அப்புறம், கொழும்பில் பழையது வாங்குகிறவர்கள் முதலில் பின்பக்கத்தில் வோல்டேஜைப் பாருங்கள், ஜப்பானுக்கென்று செய்த 100 வோல்ட் அம்ப்பை நம் 230இல் நேரே செருகினால் அது எரிந்துபோகலாம்.