ராமென் கடையின் அவசரம் அவமரியாதை அல்ல

ராமென் என்னும் நூடுல்ஸ் சூப் விற்கும் ஜப்பானியக் கடைகளில் சாப்பிட்டதும் எழுப்பிவிடுகிறார்கள், உபசரிப்பே இல்லை என்கிறார் நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

ஜப்பானின் ஃபுகுவோகா நகரத்து ஹகாட்டா பாணிக் கடைகளையே எடுத்துக்கொள்வோம். சிறிய கடைகளில் நீள மேடையை ஒட்டிச் சில இருக்கைகள், எதிரிலேயே அடுப்பு. பல இடங்களில் வாசல் பக்கத்து இயந்திரத்தில் காசு போட்டு முதலிலேயே உணவுச் சீட்டு எடுத்துவிடலாம், பில்லுக்குக் காத்திருக்க வேண்டாம். பன்றி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைத்த வெண்ணிற சூப், அதில் மெல்லிய நூடுல்ஸ். நேரமில்லாத நாகஹாமா மீன் சந்தைத் தொழிலாளர்களுக்காகச் சட்டென்று வேகும்படி மெல்லியதாக்கினார்கள் என்பார்கள். ஆனால் மெல்லியது சூட்டில் ஊறிச் சீக்கிரமே குழைந்துவிடும். அதனால்தான் முதலில் அளவாகப் போட்டு, பசி அடங்காதவர் ‘காயேதாமா’ கேட்டால் இன்னொரு பிடியைப் புதிதாக வேகவைத்து மிச்ச சூப்பில் போடுகிறார்கள். எந்தப் பதம் வேண்டுமென்றும் கேட்பார்கள். ‘கத்தா’ என்றால் சற்று விறைப்பாக வரும். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்பவரிடம் உபசரிப்பு இல்லையா?

கிண்ணத்தை வைத்துக்கொண்டு படம் எடுத்தபடி இருந்தால் கெடுவது சாப்பாடுதான். வெளியே வரிசையில் நிற்பவருக்கும் பசிக்கும் அல்லவா?

போகிறவர்கள் காயேதாமா கேட்க நினைத்தால் முதலிலேயே சூப்பைக் குடித்துத் தீர்த்துவிடாதீர்கள். சைவர்கள் அவசியம் விசாரியுங்கள். மேலே காய்கறி மட்டும் இருந்தாலும் சூப் எலும்பிலோ மீனிலோ செய்ததாக இருக்கலாம்.