கம்பி அளவை விட ரிங் கொக்கிதான் முக்கியம்

தூணில் தடிமனான கம்பி போட்டாலே கட்டடம் நிலநடுக்கத்தைத் தாங்கும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். இது பாதி உண்மைதான். 2001 ஜனவரி 26 புஜ் நிலநடுக்கத்தில் 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் கார் நிறுத்தத் தூண்களை மட்டும் விட்டிருந்தவை அவற்றில் பல.

தூண் ஆடும்போது முதலில் மேல்தோல் கான்கிரீட் உதிரும். நேர்க்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையக் கம்பிதான் ரிங். அதன் முனையை 90 டிகிரியில் மடக்கியிருந்தால் அந்தக் கணமே கொக்கி விரிந்துவிடும். உள்கான்கிரீட் நொறுங்கும், நேர்க்கம்பி வெளியே பிதுங்கும். அதனால்தான் நிலநடுக்கத்தைத் தாங்கும் கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தரவிதி ஐஎஸ் 13920, கொக்கியை 135 டிகிரிக்கு மடக்கி, முனையைத் தூணின் உள்ளே விடச் சொல்கிறது. 8 மிமீ ரிங்குக்கு அந்த முனை 65 மிமீ நீளமாவது வேண்டும்.

300க்கு 450 மிமீ தூண், 16 மிமீ கம்பி, பீம்களுக்கு இடையே 3 மீட்டர் உயரம் என்றால், தூணின் மேல்முனையிலும் கீழ்முனையிலும் 500 மிமீ தூரத்துக்கு ரிங் இடைவெளி 75 மிமீயைத் தாண்டக் கூடாது. பீமும் தூணும் சேரும் முடிச்சுக்குள்ளும் ரிங் வர வேண்டும். பீம் கம்பி இறங்கிய பிறகு அங்கே கை நுழையாது என்பதால் பல சைட்களில் அதை விட்டுவிடுகிறார்கள். மிக ஆபத்தான விடுபடல் இதுதான்.

லேப்பும் (இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று ஒட்டிவைத்து நீட்டும் இணைப்பு) தளத்தை ஒட்டி வேண்டாம், தூணின் நடுப்பாதியில் போடுங்கள். சென்னைக்கும் இது பொருந்தும்: 2002இல் நிலநடுக்க வரைபடத்தில் அது மிதமான ஆபத்துள்ள மூன்றாம் மண்டலத்துக்கு மாற்றப்பட்டது. கான்கிரீட் ஊற்றுவதற்கு முன் ஒவ்வொரு கொக்கியையும் பாருங்கள்.