அந்த 33 ரூபாய் 4 பைசா

நேற்று ராத்திரி அம்மாவுக்கு ஆன்லைனில் ஒரு சுங்குடிச் சேலை எடுத்தேன். விலை 1,400. டெலிவரி இலவசம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். முகவரி, பின்கோடு, லேண்ட்மார்க் எல்லாம் தட்டி முடித்துப் பணம் கட்டப் போனால், அடியில் எறும்பு சைஸில் ஒரு வரி: பேமென்ட் கட்டணம் 2 சதவீதம், 28 ரூபாய். அதற்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு, 5 ரூபாய் 4 பைசா. அந்த 4 பைசாவைப் பார்த்ததும்தான் எனக்குச் சுர்ரென்று ஏறியது.

கிரெடிட் கார்டு என்றால் பேங்க் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கும், சரி. நான் தட்டியது யுபிஐ! யுபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர், அதாவது கடைக்காரரிடம் பிடிக்கும் அந்தக் கமிஷன், பூஜ்யம். ஆன்லைனில் பணத்தை வாங்கிக் கடைக்குச் சேர்க்கும் கேட்வே கம்பெனிக்கு ஏதோ அழ வேண்டியிருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அது கடை வாடகை, கரண்ட் பில் மாதிரி வியாபாரச் செலவுதானே? எங்கள் தெருமுனை அண்ணாச்சி, பணம் வந்ததைக் கத்திச் சொல்லும் அந்த ஸ்பீக்கருக்கு மாத வாடகை கட்டுகிறார். கால் கிலோ துவரம்பருப்பு வாங்குகிறவனிடம் அதையா வசூலிக்கிறார்?

முதலிலேயே 1,435 என்று போட்டிருந்தால் வாயை மூடிக்கொண்டு வாங்கியிருப்பேன்.

கேஷ் ஆன் டெலிவரிக்கு மாற்றலாம் என்று பார்த்தேன். அதற்கு 49 ரூபாயாம். அந்த 33 ரூபாய் 4 பைசாவையே கட்டித் தொலைத்தேன். அம்மா கேட்டால் எப்படியும் 900 என்றுதான் சொல்லப் போகிறேன்.