பாங்காக் போகிற சேலத்துக்காரர்களே, நம்ம கோயில் பழக்கம் பாதிதான் கைகொடுக்கும்

கோடை லீவு வந்தால் சேலத்திலிருந்து பாங்காக், பட்டாயா குரூப் டூர் கிளம்பிவிடும். அரண்மனை, புத்தர் கோயில் என்றதும் நம்மவர்கள் சொல்வது ஒன்றுதான்: "கோயில்தானே, நமக்குத் தெரியாததா?" அந்தத் தெம்புதான் அங்கே காலை வாரிவிடுகிறது என்பது என் கருத்து. செருப்பைக் கழற்றுவது, நிலைப்படியை மிதிக்காமல் தாண்டுவது, வலம் வருவது இதெல்லாம் நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். காலை எந்தப் பக்கம் வைப்பது, யாரைத் தொடக்கூடாது, எதை உடுத்தக்கூடாது என்பதில்தான் சறுக்குகிறோம்.

முதலில் உடை. பெங்களூரிலோ சென்னையிலோ ராத்திரி ஃபிளைட் ஏறினால் விடியற்காலையில் இறங்குவீர்கள். ஹோட்டல் ரூம் மதியம்தான் கிடைக்கும் என்பதால் பல டூர்காரர்கள் நேராக கிராண்ட் பேலஸ் என்கிற பெரிய அரண்மனை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். பெட்டி பஸ்ஸுக்கு அடியில், உடம்பில் அரைக்கால் டவுசர். அப்புறம் எதிர்க்கடையில் யானைப் படம் போட்ட பேண்ட்டை அவசரத்துக்கு வாங்கி, ரோட்டோரம் நின்று மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். கையில் வைத்திருக்கும் பையிலேயே ஆளுக்கு ஒரு முழு பேண்ட்டும் கைவைத்த சட்டையும் இருந்தால் இந்தக் கூத்தே வேண்டாம்.

பெண்கள் கவனிக்க: ஸ்லீவ்லெஸ் ஜாக்கெட்டுக்கு மேல் ஷால் போர்த்தினால் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அரண்மனை வாசலில் திருப்பி அனுப்புவதுண்டு. காலோடு ஒட்டிய லெக்கின்ஸும் அவர்கள் தடைப் பட்டியலில் இருக்கிறது. சுடிதார் என்றால் லூஸான பேண்ட், சேலை என்றால் கைவைத்த ஜாக்கெட், முந்தானை இடுப்பையும் மூடுகிற மாதிரி. கிழிசல் ஜீன்ஸ் பையன்களை இப்போதே எச்சரித்துவிடுங்கள். வேட்டிக்காரர்கள் மடித்துக் கட்டும் பழக்கத்தை ஒரு நாளைக்கு மறந்தால் சரி.

வாசலுக்குப் போகும் முன்னாலேயே ஒரு பொறி உண்டு. அரண்மனை மதில் ஓரமாக நடக்கும்போது, டிப்டாப்பாக உடுத்திய ஒருவர் சிரித்த முகத்தோடு வந்து, "இன்னைக்கு பூஜை, மத்தியானம் வரைக்கும் மூடியிருக்கும், அதுவரைக்கும் வேற கோயிலெல்லாம் சுத்திக் காட்டச் சொல்றேன்" என்பார். டுக் டுக் (அந்த ஊர் ஆட்டோ) வாடகை நம்ப முடியாத அளவு மலிவாக இருக்கும். கடைசியில் கொண்டுபோய் நிறுத்துவது ரத்தினக்கல் கடையிலோ தையல் கடையிலோதான். டிரைவருக்கு அங்கே கமிஷன். அரண்மனை சாதாரணமாக எல்லா நாளும் காலை 8.30-க்குத் திறக்கும், மாலை 3.30-க்கு டிக்கெட் நின்றுவிடும். அரச குடும்பச் சடங்குக்காக மூடுவதும் உண்டு, அதை அரண்மனையின் சொந்த இணையதளத்தில் முந்தின நாளே பார்த்துக்கொள்ளலாம். ரோட்டில் நிற்பவர் பேச்சைக் கேட்காமல் பயணிகள் நுழையும் வீசெட்சாய்ஸ்ரீ வாசல் வரை போய் உங்கள் கண்ணால் பாருங்கள். படகில் வந்தால் தா சாங் துறை பக்கம். மெட்ரோவில் சனாம் சாய் ஸ்டேஷனில் இறங்கினால் மதிலின் மறு கோடியிலிருந்து நடக்க வேண்டும், வெயிலில் அது கொஞ்ச தூரம் இல்லை.

அரண்மனை டிக்கெட் 500 பாட் (தாய்லாந்துப் பணம்). 120 சென்டிமீட்டருக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு இலவசம். அதே டிக்கெட்டில் உள்ளேயே இருக்கும் சிரிகிட் ராணி துணி அருங்காட்சியகமும் அடக்கம். இளம்பிள்ளை சேலை ஊர்க்காரர்கள் அதைப் பார்க்காமல் பஸ் ஏறுவது எனக்குப் புரிவதே இல்லை. ஏசி வேறு இருக்கிறது.

உள்ளே போனதும் எல்லாரும் மரகத புத்தர் சந்நிதிக்கு ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் சுற்று மண்டபச் சுவருக்குப் போங்கள். அங்கே ராமகியன், அதாவது அவர்கள் ராமாயணம், 178 கட்டங்களில் ஓவியமாக ஓடுகிறது. வடக்கு வாசலில் தொடங்கி வலமாக வர வேண்டும், தலைக்கு மேல் கூரையும் உண்டு. தோசகன் என்று அவர்கள் சொல்லும் ராவணன் பச்சை நிறம், அனுமன் வெள்ளை. இந்த அனுமன் பிரம்மச்சாரி இல்லை, மீன் மகளோடு காதல், பிள்ளை எல்லாம் உண்டு. சீதை ராவணனுக்குப் பிறந்த மகள். பாட்டிமார்கள் கைடோடு சண்டைக்குப் போகாமல் இருக்க இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

மரகத புத்தர் பெயருக்குத்தான் மரகதம், உண்மையில் பச்சைக் கல்லில் செதுக்கியது. உயரம் 66 சென்டிமீட்டர்தான், அதுவும் எட்டாத உயரத்தில் இருப்பார். கோடை, மழை, குளிர் என்று ஆண்டுக்கு மூன்று முறை அவருக்கு உடை மாற்றுவது மன்னர். உள்ளே போட்டோ கூடாது, தொப்பி கூடாது. ஊதுபத்தி, மெழுகுவர்த்தி, தாமரை எல்லாம் வெளியே வைத்துக் கும்பிடுவதோடு சரி. செருப்பை வெளியே ஸ்டாண்டில் விட வேண்டும். பளிங்குத் தரை பத்து மணிக்கே காலைப் பொசுக்கும், சேலத்து வெயிலில் வளர்ந்த காலும் தாங்காது. ஏற்காட்டுக்காரர்களைக் கேட்கவே வேண்டாம். சாக்ஸ் போடத் தடை இல்லை, போட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். நம்ம ஊரில் முட்டிவலி உள்ள பெரியவர்கள் பிரகாரத் தூணில் சாய்ந்து காலை நீட்டி உட்காருவார்கள், யாரும் ஒன்றும் சொல்வதில்லை. அங்கே புத்தரைப் பார்த்து உள்ளங்காலைக் காட்டுவது பெரிய அவமரியாதை. காவலர் உடனே கையை ஆட்டிக்கொண்டு வருவார், பெரியவருக்கு என்ன தப்பு என்றே விளங்காது. இரு காலையும் ஒரு பக்கமாகப் பின்னால் மடக்கி உட்கார வேண்டும். முடியாதவர்கள் வாசலோரம் நின்றே கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிடட்டும். குழந்தைகளின் தலையைத் தடவிக் கொஞ்சுவதும் அங்கே ஆகாது.

அடுத்தது பிக்குகள். சாமியார் என்றால் காலைத் தொட்டுக் கும்பிடுவது நம் பெண்களுக்குக் கை தானாகப் போகும் பழக்கம். அங்கே பெண்கள் பிக்குவைத் தொடவே கூடாது, எதையும் கையில் நேரடியாகக் கொடுக்கவும் கூடாது. அவர் விரிக்கும் துணியில் வைக்க வேண்டும், அல்லது கூட வந்த ஆண் கொடுக்கலாம். மதியத்துக்கு மேல் அவர்கள் சாப்பிட மாட்டார்கள், அதனால் உணவு தானம் என்றால் காலையில்தான்.

பக்கத்திலேயே வாட் போ கோயில். டிக்கெட் 300 பாட், பள்ளிகொண்ட புத்தர் 46 மீட்டர் நீளம். எல்லாரும் முகத்தைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாதம் வரை நடங்கள், முத்துச்சிப்பி இழைத்த 108 மங்கலச் சின்னங்கள் அங்கேதான் இருக்கின்றன. பின்பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்களில் சில்லறை போடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

பாங்காக் வேண்டாம், இலங்கையில் கண்டிக்குப் போகிறேன் என்பவர்களுக்கும் இதில் பெரும்பாலானது பொருந்தும். புத்தரின் பல்லை வைத்திருக்கும் கோயிலான தலதா மாளிகைக்கு வெள்ளை உடை நல்லது. புத்தருக்கு முதுகைக் காட்டி செல்ஃபி எடுப்பதை இலங்கையில் சும்மா விடமாட்டார்கள். கையில் புத்தர் பச்சை குத்தியிருந்த வெளிநாட்டுப் பயணியை 2014-இல் நாட்டை விட்டே அனுப்பினார்கள். தலதா மாளிகையை ஒட்டிய அரண்மனையில் ஆண்ட கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் 1815-இல் பிடிபட்டு வேலூர்க் கோட்டையில்தான் சிறை இருந்தார் என்பதையும் தெரிந்துகொண்டு போங்கள், கல்லும் மரமுமாகத் தெரியும் இடம் வேறு மாதிரி தெரியும்.

கடைசியாக ஷாப்பிங். ஷோகேஸில் வைக்க புத்தர் சிலை வாங்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தாய்லாந்திலிருந்து புத்தர் சிலையை வெளியே கொண்டுவர அந்நாட்டு நுண்கலைத் துறையின் அனுமதி வேண்டும். கடைக்காரர் "ஒன்னும் ஆகாது" என்பார், ஏர்போர்ட்டில் அவர் உங்களோடு நிற்கமாட்டார். கழுத்தில் போடும் சின்னத் தாயத்து அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சிலைதான் பார்க்க வேண்டும் என்றால் ஆத்தூர் பக்கம் தியாகனூரில் இரண்டு பெரிய புத்தர்கள் இருக்கிறார்கள். நம்ம பெரியேரி தலைவெட்டி முனியப்பன் கோயில் சிலை புத்தர்தான் என்று 2022-இல் சென்னை உயர் நீதிமன்றமே சொல்லிவிட்டது. இதற்கெல்லாம் பாஸ்போர்ட்டும் வேண்டாம்.