காலைத் தூக்கினால்தான் வெளிச்சம்

போன வெள்ளிக்கிழமை இரவு ஹபரணையில் இருந்து திருகோணமலைக்கு வந்துகொண்டிருந்தோம், நானும் அப்பாவும். கந்தளாய்க்கு இன்னும் தூரம் கிடந்தது. இரண்டு பக்கமும் காடு, யானை குறுக்கிடும் றோட். முன்னால் சீமெந்து ஏற்றிய லொறி ஒன்று உருண்டுகொண்டிருந்தது. முந்துவதற்கு அக்சிலரேட்டரை அழுத்தி லொறியின் பாதி நீளம் தாண்டியிருப்பேன், றோட் மறையத் தொடங்கியது. வெளிச்சம் முதலில் தூரத்தை விட்டது. பிறகு கிட்டக் கிடந்த தாரில் விழுந்தது. பிறகு காருக்கு முன்னால் ஒன்றுமே இல்லை, கறுப்பு.

"தம்பி, காலைத் தூக்கு! காலைத் தூக்கு!" என்று அப்பா கத்தினார்.

லொறியின் சில்லுக்குப் பக்கத்தில், எதிரே என்ன வருகிறது என்று தெரியாத இருட்டில், காலைத் தூக்கினேன். கார் வேகம் குறைய, இரண்டு லைற்றும் நித்திரையால் எழும்புகிற மாதிரி ஆறுதலாக மேலே வந்தன. கந்தளாய்ச் சந்தியில் தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நிறுத்தியபோது அப்பாவின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. எழுபத்தாறு வயது மனிதர். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இன்னும் எரிகிறது.

கார் 1967ஆம் ஆண்டு லோட்டஸ் எலான், சின்ன பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். 1975இல் தோட்டங்கள் அரசுடைமையானபோது நாட்டை விட்டுப் போன வெள்ளைக்காரத் துரை ஒருவரிடம் பெரியப்பா வாங்கியது. யுத்த காலம் முழுக்கக் கொழும்பில் ஒரு கொட்டகைக்குள் கிடந்து, 2009க்குப் பிறகுதான் ஊருக்கு வந்தது. இந்தக் காரை நான் நேசிக்கிறேன். 1558 சிசி இரட்டைக் கேம் எஞ்சின், பைபர் பொடி, ஏழு நூறு கிலோகூடத் தேறாத எடை. நிலாவெளி றோட்டில் காலையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன மாதிரிக் கார் என்று. அதனால்தான் இவ்வளவு கோபம்.

இந்தக் காரில் முன் லைற்றுகள் பொனெற் மட்டத்துக்குள் படுத்திருக்கும். டாஷ்போர்டில் உள்ள குமிழை இழுத்தால் எழும்ப வேண்டும். எதனால் எழும்பும்? மோட்டரால் இல்லை, கம்பியால் இல்லை. எஞ்சின் காற்றை உறிஞ்சும்போது இன்லெற் மனிபோல்டுக்குள், அதாவது எஞ்சினுக்குக் காற்றுப் போகிற குழாய்க்குள், உண்டாகிற வெற்றிடத்தால். அந்த வெற்றிடத்தை மெல்லிய றப்பர் ஹோஸ்களால் முன்னுக்குக் கொண்டுவந்து, டயப்ரம் என்கிற ஒரு சவ்வை இழுக்கவைத்து, அந்த இழுவையில் லைற்றைத் தூக்கி நிறுத்துகிறார்கள். இழுவை விட்டால் லைற் விழும்.

வெற்றிடம் எப்போது கூட இருக்கும்? கால் அக்சிலரேட்டரில் இல்லாதபோது. எப்போது இல்லாமல் போகும்? காலை முழுதாக அழுத்தும்போது. முந்தும்போது, ஏற்றம் ஏறும்போது, அதாவது வெளிச்சம் உயிரைக் காப்பாற்ற வேண்டிய அதே நொடியில். இது வடிவமைத்தவர்களுக்குத் தெரியாத விஷயமா? தெரியும். அதனால்தான் ஒருவழி வால்வு ஒன்றும், வெற்றிடத்தைச் சேமிக்க ஒரு தாங்கியும் வைத்தார்கள். எல்லாம் இறுக்கமாக இருந்தால் வேலை செய்யும். அறுபது வருடம் ஆகப்போகிற காரில் எல்லாம் எப்படி இறுக்கமாக இருக்கும்? ஒரு ஹோஸ் நுனி வெடித்தால் போதும்.

எங்கள் வீட்டுக்கு இந்த நோய் புதிதில்லை. தாத்தாவிடம் போர்ட் ஆங்க்லியா 100ஈ இருந்தது. அதன் வைப்பர் ஓடியதும் இதே வெற்றிடத்தில்தான். மார்கழி மழையில் ஏற்றம் ஏறினால் வைப்பர் நின்றுவிடும், இறங்கினால் பேய் பிடித்த மாதிரி அடிக்கும் என்று அப்பா சொல்வார். போர்டுக்காரர்கள் 1959இல் வந்த அடுத்த ஆங்க்லியாவில் மின்சார வைப்பர் போட்டுவிட்டார்கள். லோட்டஸ் அதற்கு மூன்று வருடம் கழித்து 1962இல் எலானை வெளியிட்டபோது வெற்றிடத்தைத் தூக்கி லைற்றில் வைத்தது! பின்னாளில் வந்த எலான்களில் இதைத் தலைகீழாக்கினார்கள்: ஸ்பிரிங் லைற்றைத் தூக்கும், வெற்றிடம் கீழே இழுத்து வைக்கும், லீக் வந்தாலும் லைற் மேலேயே நிற்கும். முதல் நாளே அப்படிச் செய்திருக்க முடியாதா? எலானைப் பார்த்து ஆசைப்பட்டு 1989இல் எம்எக்ஸ்-5 என்ற கார் செய்த மஸ்டாக்காரர்கள் எழும்புகிற லைற்றையும் எடுத்துக்கொண்டார்கள், ஆனால் தூக்குவதற்கு மின்மோட்டர் வைத்தார்கள்.

சரி, லீக் என்றால் தேடி அடைத்துவிடலாம்தானே என்று எல்லோரும் சொல்கிறார்கள். நான் தேடாத இடமா? ஒரு கராஜில் கண்ணாடி கழுவுகிற தண்ணீருக்குப் போடும் மெல்லிய ரியூபைப் போட்டுத் தந்தார்கள். எஞ்சின் சூட்டில் அது இளகி, உறிஞ்சலில் சப்பளிந்து ஒட்டிக்கொண்டது. உள்ளே இழுக்கிற வேலைக்குத் தடித்த சுவர் உள்ள ஹோஸ் வேண்டும் என்று சொன்னதற்கு, "அதெல்லாம் ஒண்டுதான் தம்பி" என்றார்கள். ஒன்றில்லை! இன்னொரு இடத்தில் சவர்க்கார நுரை பூசிப் பார்த்துவிட்டு லீக்கே இல்லை என்றார்கள். ரயரில் காற்று வெளியே வரும், நுரை பொங்கும். இது உள்ளே இழுக்கிற ஓட்டை. நுரையையும் சேர்த்து இழுத்துக்கொள்ளும், எங்கே இருந்து பொங்கும்? இரண்டு நாள் கராஜில் போட்டதற்குக் காசும் கொடுத்தேன். இதற்கிடையில் எஞ்சினும் நடுங்கியது, ஏனென்றால் லீக்கால் வருகிற கணக்கில்லாத காற்று நேரே சிலிண்டருக்குத்தான் போகிறது.

சனிக்கிழமை காலை நானே இறங்கினேன். மனிபோல்டுக்குப் போகிற ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, மற்றப் பக்கத்தால் சைக்கிள் பம்பினால் மெதுவாகக் காற்று அடித்தேன். தம்பி தூரிகையால் சவர்க்காரத் தண்ணி பூசிக்கொண்டே வந்தான். ஹோஸ்கள் சரி. டயப்ரம் இரண்டும் சரி. வால்வு சரி. சேஸியின், அதாவது காரைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தின், முன் குறுக்குப் பெட்டியின் அடிப்பக்கம் பூசியதும் "அண்ணா, இங்க பாருங்க" என்றான். வெல்டிங் விளிம்பில் மிளகளவு குமிழி ஒன்று, பக்கத்தில் இன்னொன்று. வெள்ளைக் குமிழி இல்லை. துருவின் நிறத்தில், செம்பழுப்பு.

அந்தப் பெட்டிதான் வெற்றிடத்தைச் சேமிக்கிற தாங்கி. தனித் தாங்கி வைக்காமல் சேஸியையே தாங்கி ஆக்கியிருக்கிறார்கள். எடை மிச்சமாம்! முன் சஸ்பென்ஷனைச் சுமப்பதும் அதே பெட்டிதான். வேறு எந்த இரும்புப் பெட்டி என்றாலும் அடியில் தண்ணீர் வடிய ஒரு துளை விடுவார்கள். இதில் விட முடியாது, துளை விட்டால் வெற்றிடம் நிற்காது. இப்போது யோசித்துப் பாருங்கள். மூன்று பக்கமும் கடல் உள்ள ஊர். நிறுத்தி வைத்திருக்கிற ஒவ்வொரு இரவும் அந்தச் சின்ன ஓட்டை வழியாகப் பெட்டி உப்புக் காற்றை உள்ளே இழுக்கிறது. இழுத்த ஈரம் வெளியே போக வழியில்லை. லீக்கால் துரு, துருவால் இன்னும் லீக். லைற் விழுவதைப் பற்றி நான் புலம்பிக்கொண்டிருந்த வருடங்கள் முழுக்க, என் முன் சில்லுகளைத் தாங்குகிற இரும்பு உள்ளுக்குள் கரைந்துகொண்டிருந்திருக்கிறது.

"பழைய கார் என்றால் அப்படித்தான், அது ஒரு அழகு" என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சில்லை. எங்கள் ஊர்க் கோட்டைக்குள் இரவில் மான்கள் றோட்டிலேயே படுத்திருக்கும். கோணேசர் கோயிலுக்குப் போகிற ஏற்றத்தில் லைற் விழுந்து, காலைத் தூக்கி, அது எழும்பும்வரை மானை நம்பி ஓட்டியவனிடம் அந்த அழகைச் சொல்ல வேண்டாம்.

இனிச் சேஸிக்கு இந்த வேலை இல்லை. சின்ன இரும்புத் தாங்கி ஒன்று தனியாக வைத்து, ஹோஸ்களை அதற்குத் திருப்பப் போகிறேன். நேற்று வெல்டிங் பாஸ் வந்து குறுக்குப் பெட்டியின் அடியில் முதல் துளையைப் போட்டார். ட்ரில்லை வெளியே எடுத்ததும் கறுத்த சிவப்புத் தண்ணீர் சிமெந்துத் தரையில் வடிந்தது, கால் கோப்பை இருக்கும். கூடவே துருச் செதில்கள். பாஸ் ஒன்றும் பேசவில்லை. ஒரு செதிலை எடுத்து விரலால் நசுக்கினார், அது மாவாய்ப் போனது.