சால்வையை நாற்காலியில் வைத்துவிட்டுப் போன பெரியவரைப் பற்றி

அந்தப் பள்ளி மைதானக் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள் என்பதால் மறுபடி விவரிக்கப் போவதில்லை. சுதந்திர தின விழாவுக்கு அழைக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களில் ஒருவர், தமக்குப் போர்த்தப்பட்ட சால்வையை மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, யாரிடமும் ஒரு சொல்லும் பேசாமல் எழுந்து போனார். நடந்தது அவ்வளவுதான். அதற்காக அவருக்கு நம் ஊர்க் குழுக்களில் சூட்டப்படும் பட்டங்களைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். நன்றி கெட்டவர், தலைக்கனம் பிடித்தவர், கௌரவிக்க அழைத்தவர்களை அவமானப்படுத்தியவர் என்று எழுதுகிறீர்கள். இப்படி நடந்துகொண்டால் அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள் என்று ஒரு நண்பர் மிகுந்த கவலையோடு கேட்டிருக்கிறார். தயவுசெய்து கூப்பிடாதீர்கள் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

ஏனென்றால் அந்த விழா அவர்களுக்காக நடத்தப்பட்டதன்று. காணொளியை இன்னொரு முறை, ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பந்தல் மேடைக்கு மட்டும் போடப்பட்டிருக்கிறது. எழுபது வயதைத் தாண்டியவர்கள் பதக்கங்களைக் குத்திக்கொண்டு, தலையில் படைத்தொப்பியோடு, வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால் கொடியேற்றமும் தாமதமாகிறது. சால்வை போர்த்தும்போது ஒளிப்படக்காரர் தவறவிட்டார் என்பதற்காக ஒருவருக்கு அதே சால்வையைக் கழற்றி மறுபடி போர்த்துகிறார்கள். ஒருவருடைய பெயராவது வாசிக்கப்பட்டதா? இன்னார், இந்தப் படைப்பிரிவு, இந்த ஆண்டிலிருந்து இந்த ஆண்டுவரை, இந்த இடங்களில் பணிபுரிந்தார் என்று ஆளுக்கொரு வரி சொல்ல எவ்வளவு நேரமாகும்? பின்னால் கட்டியிருந்த பதாகையில் தாளாளர் இருக்கிறார், சிறப்பு விருந்தினர் இருக்கிறார், நன்கொடையாளர்கள் வட்ட வட்டமாக இருக்கிறார்கள். யாரைக் கௌரவிப்பதாகச் சொன்னார்களோ அவர்களுக்கு மட்டும் பதாகையில் இடமில்லை.

இதையெல்லாம்கூட ஏற்பாட்டுக் குறை என்று விட்டுவிடலாம். தொகுப்பாளர் ஒலிவாங்கியில் சொன்ன அந்த வாக்கியத்தைத்தான் என்னால் விட முடியவில்லை. "எல்லையில் பனியில் நின்றவர்களுக்கு இந்த வெயிலெல்லாம் எம்மாத்திரம்!" கூட்டம் கைதட்டியது. பெரியவர் எழுந்தது அதற்குப் பிறகுதான், கவனித்தீர்களா?

பனியைப் பற்றிப் பேசுவதானால் கொஞ்சம் பேசலாம். 1984 ஏப்ரலில் சியாச்சினில் நம் படைகள் நிலைகொண்ட நாளிலிருந்து அங்கே எதிரியின் குண்டுக்கு இறந்தவர்களைவிடக் குளிருக்கும் பனிச்சரிவுக்கும் காற்றில் உயிர்வளி குறைந்ததற்கும் இறந்தவர்களே அதிகம். 2016 பிப்ரவரியில் 19,000 அடிக்கு மேலிருந்த ஒரு நிலையின்மீது பனிப்பாளம் சரிந்து மதராஸ் ரெஜிமென்ட்டின் 19ஆவது பட்டாலியனைச் சேர்ந்த 10 பேர் புதைந்தார்கள். அவர்களில் நம் வேலூர் மாவட்டத்துக்காரரும் இருந்தார். ஒருவர் ஆறு நாட்களுக்குப் பிறகு உயிரோடு மீட்கப்பட்டு, டெல்லி மருத்துவமனையில் இறந்தார். அவர்கள் அங்கே நின்றதற்கு ஓர் ஆணை இருந்தது. பள்ளி மைதானத்தில் இரண்டு மணி நேரம் வெயிலில் காயச் சொல்லி அந்தப் பெரியவருக்கு யார் ஆணையிட்டது?

பட்டாளத்துக்காரனின் கஷ்டத்தை எடுத்து மற்றவன் வாயை அடைப்பது நமக்குப் புதிதில்லை. 2016 நவம்பரில் பழைய நோட்டு செல்லாது என்று அறிவித்தபோது வங்கி வாசலில் மயங்கி விழுந்தவர்களிடம்கூட, எல்லையில் வீரர்கள் நிற்கிறார்கள், உங்களால் வரிசையில் நிற்க முடியாதா என்றார்கள். நான் அப்போது வங்கிக் கவுன்ட்டருக்கு உள்ளே உட்கார்ந்திருந்தேன். அந்த வரிசையில் முன்னாள் படைவீரர்களும் நின்றார்கள் என்பதை அப்படிப் பேசியவர்கள் யோசிக்கவே இல்லை. இப்போது அதே கஷ்டத்தை எடுத்து அந்தப் பட்டாளத்துக்காரனின் வாயையே அடைத்திருக்கிறார்கள்.

என் தந்தை அந்த மைதானத்தில் இல்லை. ஆனாலும் எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊர் கணியம்பாடிப் பக்கம். கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்று சொல்வது உங்களுக்குத் தெரியும். அந்த வட்டாரத்தில் வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்தில் இருந்திருப்பார். என் அப்பா ராணுவத்தின் பொருள் வழங்கும் பிரிவான ஏ.எஸ்.சி.யில் லாரி ஓட்டுநர். ஸ்ரீநகரிலிருந்து ஜோஜிலா கணவாய் வழியாக லே வரை மற்றவர்களுக்கு அரிசியும் மண்ணெண்ணெயும் கொண்டுபோனவர். சினிமாவில் வருகிற வீரரைப் போல அவரிடம் துப்பாக்கிக் கதைகள் கிடையாது. எந்த வளைவில் எந்த கியரில் இறங்க வேண்டும் என்ற கதைகள்தான் உண்டு. ஓய்வுபெற்று வந்தபோது நாற்பது வயதுகூட நிறையவில்லை. பிறகு பல ஆண்டுகள் ஒரு நகைக்கடை வாசலில் சீருடையோடு நின்று, காரில் வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு சல்யூட் அடித்தார். அவர் சல்யூட் நேர்த்தியாக இருக்கும் என்பதற்காகவே முன்வாசலில் நிறுத்தினார்களாம்.

தெருவில் அவருக்குப் பெயரே கிடையாது; எங்கள் வீடு 'மிலிட்டரிக்காரர் வீடு'. மாதம் பிறந்தால் அந்த மிலிட்டரிக்காரர்மீது ஊரார் காட்டிய அன்பு கொஞ்சநஞ்சமல்ல. "அண்ணே, இந்த மாசக் கோட்டா வாங்கியாச்சா?" என்று கேட்டுக்கொண்டு வருவார்கள். குடிக்காத மனிதரின் கேன்டீன் அட்டைக்கு (ராணுவ கேன்டீனில் மாதக் கோட்டா மது வாங்கும் அட்டை) இருந்த மரியாதையில் பாதி, பணியிலிருந்து விடுவித்தபோது கொடுத்த அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்துக்கு இருந்திருந்தால் எங்கள் வீட்டில் பல வேலைகள் எளிதாக முடிந்திருக்கும். இன்று தேசபக்தி பொங்க அந்தப் பெரியவரைத் திட்டுகிறவர்களில் அப்படிப் புட்டிக்காக வந்து எங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களும் இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன், அவர்களுக்கே தெரியும்.

டிஸ்சார்ஜ் புத்தகம் என்றதும் நினைவுக்கு வருகிறது. அதில் என் அம்மாவின் பெயரை, தமிழ்ப் பெயர்கள் பழக்கமில்லாத எந்த எழுத்தரோ ஒலித்ததை வைத்து எழுதியிருக்கிறார். ஆதாரில் வேறு எழுத்து, வாக்காளர் அட்டையில் வேறு எழுத்து. அப்பாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் குடும்ப ஓய்வூதியம் அம்மாவுக்கு வரவேண்டுமே என்ற பயத்தில் அந்த ஒரு பெயரைத் திருத்துவதற்காக ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகத்துக்கு எத்தனை உறுதிமொழிப் பத்திரங்கள்! நான் வங்கியில் இருப்பதால் எந்தப் படிவம் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும், சமாளித்தோம். மலையடிவாரத்தில் தனியாக இருக்கும் ஒரு சிப்பாயின் மனைவி என்ன செய்வாள்? உயிர்வாழ்வுச் சான்று கொடுக்க வருகிறவர்களையும் பார்க்கிறேன். விரல் ரேகை தேய்ந்துபோய்க் கருவியில் பதியாது. தாம் உயிரோடு இருப்பதை நிரூபிக்க ஒவ்வொரு விரலாக மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டிருப்பார்கள். படைவீரர் ஓய்வூதியம் ஸ்பர்ஷ் என்ற அரசு இணையதளத்துக்கு மாறியபின், சந்தேகம் கேட்டு வருகிறவர்களிடம் "அது எங்கள் வேலை இல்லை, இணையத்தில் பாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது எளிதாகிவிட்டது. அப்படி ஒருவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் கணினியைத் திறந்து உதவுவதற்குச் சால்வையும் வேண்டாம், மேடையும் வேண்டாம். ஆனால் அதை யாரும் ஒளிப்படம் எடுக்கமாட்டார்கள், பாருங்கள்!

இனி உங்கள் கேள்விகள். "சம்பளத்துக்குத்தானே போனார்கள்?" ஆம், சம்பளத்துக்குத்தான் போனார்கள். என் தந்தை நாட்டுப்பற்றால் உந்தப்பட்டு ஆள்சேர்ப்பு முகாமுக்கு ஓடியதாக நான் ஒருநாளும் கதை சொன்னதில்லை. கிணறு வற்றியது, தங்கைகள் இருந்தார்கள், போனார். வறுமையால் போனவனின் கால்விரல் பனியில் கறுக்காதா? அவன் இல்லாத வீட்டில் குழந்தை பிறப்பது கணக்கில் வராதா? "அதுதான் ஓய்வூதியம் கொடுக்கிறோமே" என்று 'நாம்' போட்டுப் பேசுகிறவர்கள் 2015ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம் என்று கேட்டு டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்த முன்னாள் படைவீரர்களை அந்த ஆண்டு ஆகஸ்ட் 14 அன்று, செங்கோட்டை விழாவுக்கு முந்தைய நாள், காவல்துறை பிடித்துத் தள்ளியது. பதக்கம் அணிந்த மார்பில் கை வைத்தார்கள். கேட்டது பிறகு பெருமளவு கிடைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னூட்டத்தில் வந்து நிற்பீர்கள். 2022இல் வந்த அக்னிபத் என்ற படை ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டுகள் முடிந்ததும் கால்வாசிப் பேர்வரைதான் நிரந்தரமாவார்கள். மற்றவர்களுக்கு ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய் உண்டு, ஓய்வூதியம் இல்லை. ஆகவே ஓய்வூதியத்தைச் சொல்லிக்காட்டுகிற வாய்ப்பும் உங்களுக்கு இன்னும் கொஞ்ச காலம்தான்.

"சாக்கடைக் குழிக்குள் இறங்கிச் சாகும் தொழிலாளிக்கு யார் சால்வை போர்த்துகிறார்கள்?" என்று தோழர் ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயம்தான். அவர்களுக்கும் சால்வை வேண்டாம், இயந்திரம் வாங்கிக் கொடுங்கள். அதை ஏன் இந்தப் பெரியவரைத் திட்டும் பதிவில் வந்து கேட்கிறீர்கள் என்பதுதான் புரியவில்லை.

"நல்லெண்ணத்தோடு ஒரு பள்ளி ஏதோ செய்தது, அதையும் குறைசொன்னால் இனி யாருமே செய்யமாட்டார்கள்" என்பது அதிகம் பேர் சொல்லும் வாதம். இதை மென்மையாகச் சொல்கிறவர்கள் பலர் எனக்கு வேண்டியவர்கள் என்பதால் நானும் பொறுமையாகவே சொல்லிப் பார்க்கிறேன். நல்லெண்ணம் இருந்தால் விருந்தாளிக்கு முதலில் நிழலும் தண்ணீரும் கொடுப்போம். நம் வீடுகளில் அதற்கு யாரும் வகுப்பு எடுப்பதில்லை. அந்தப் பிள்ளைகளை ஒரு வாரம் முன்பே அவர்கள் வீடுகளுக்கு அனுப்பி, எங்கே இருந்தீர்கள், என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு எழுதி வரச் சொல்லியிருக்கலாம். டிசம்பர் 7 படைவீரர் கொடிநாளில் என்ன செய்கிறோம்? 1949 முதல் நடக்கிறது. அலுவலகத்துக்கு இவ்வளவு என்று இலக்கு வைத்து வசூலிக்கிறார்கள், சட்டையில் குத்திய சிறு கொடி மாலைக்குள் கீழே விழுந்துவிடுகிறது. அந்தப் பணமாவது முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ஒரு விதவைக்கோ ஒரு மாணவிக்கோ போய்ச் சேர்கிறது. இந்த விழாவிலிருந்து அந்தப் பெரியவர்களுக்கு என்ன போய்ச் சேர்ந்தது? விழா அவர்களுக்காக நடத்தப்பட்டதன்று என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

இன்னொன்றும் இருக்கிறது. எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிடுகிறேன். மேடைகளில் நாம் சொல்லும் போர்களுக்கு ஒரு பட்டியல் இருக்கிறது: 1965, 1971, கார்கில். இலங்கைக்கு நம் படை போன 1987 அந்தப் பட்டியலில் வராது. என் அப்பா அமைதிப்படையில் யாழ்ப்பாணத்தில் இருந்தார். தமிழ் தெரியும் என்பதால் வண்டியை நிறுத்திவிட்டு சோதனைச் சாவடிகளில் மொழிபெயர்க்க நிறுத்தப்பட்டவர். அங்கே ஓர் அம்மா அவரைப் பார்த்து, "நீங்களும் தமிழ்தானே தம்பி" என்று கேட்டதை ஒரே ஒரு முறை என்னிடம் சொன்னார். அந்த அக்டோபரில், தீபாவளி நாளில், யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் செவிலியரும் கொல்லப்பட்டதை நான் மறைக்கப் போவதில்லை, நியாயப்படுத்தவும் போவதில்லை. அங்கே நம் வீரர்கள் ஏறத்தாழ 1,200 பேர் இறந்ததும் உண்மை. அவர்களில் ஒருவரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரனுக்குப் பரம வீர் சக்ரா கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படையினர் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது அன்றைய முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அதற்கான காரணம் இங்கே பலருக்குப் புரிந்தது, எனக்கும் இன்று புரிகிறது. டெல்லிக்கு என்ன காரணம்? அனுப்பியது அவர்கள்தானே? 2019இல் தேசியப் போர் நினைவகம் திறக்கப்படும்வரை அங்கே அந்தப் பெயர்களுக்குப் பொதுவான ஓர் இடம் இல்லை. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே கொழும்புக்கு அருகே இலங்கை அரசு கல்லில் பொறித்துவிட்டது.

ஆகவே சால்வை போர்த்துகிறவர்களே, வரிசையில் உட்காரவைத்திருக்கும் பெரியவர் எங்கே இருந்தார் என்று நீங்கள் கேட்காததற்கு நேரமின்மை மட்டும் காரணமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. கேட்டால் இப்படிப்பட்ட விடை வரலாம். அதற்குக் கைதட்ட முடியாது. எங்கள் வீட்டு மனிதரை ஒரு தரப்பு துரோகி என்றது, இன்னொரு தரப்பு மறந்தது, அவரோ இரண்டு தரப்பின் விழாவுக்கும் கூப்பிட்டால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போகக்கூடியவர். அது எனக்கு இன்னும் கோபமூட்டுகிறது.

இந்தப் பதிவை அப்பாவிடம் காட்டவில்லை. அவர் முகநூலில் இல்லை. திட்டுவதாக இருந்தால் என் பெயரைச் சொல்லியே திட்டுங்கள், அழிக்கமாட்டேன். அவரையோ அந்தப் பெரியவரையோ ஒருமையில் எழுதும் பின்னூட்டங்களை மட்டும் நீக்கிவிடுவேன்.