ஏழாம் இடத்துக்குப் பக்கத்தில் தூரத்தையும் எழுதுங்கள்

ஓய்வு பெற வேண்டிய நேரத்தில் பெறாமல் பெயரைக் கெடுத்துக்கொண்ட வீரர்கள் என்று நேற்று சுற்றிய பட்டியலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் போலந்தின் யூசெஃப் ஷ்மித்தும் இருக்கிறார். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கின் மும்முறைத் தாண்டுதலில் ஏழாம் இடம் பெற்றதுதான் அவர் செய்த குற்றமாம். பகிர்ந்தவர் எழுதாமல் விட்ட தூரத்தை நான் எழுதுகிறேன்: 16.89 மீட்டர். 1960இல் ரோமில் அவருக்குத் தங்கம் வாங்கித் தந்த தாண்டல் 16.81, 1964இல், முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு டோக்கியோவுக்கு வந்து தாண்டியது 16.85. தன் ஒலிம்பிக் தாண்டல்களிலேயே மிக நீண்டதை 33 வயதில் தாண்டியவரைத்தான் தோற்றுப்போனவர் வரிசையில் வைத்திருக்கிறார்கள்.

மெக்சிகோ நகரம் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி குறைவு, ஓடுதளமும் புதிய செயற்கைத் தளம், அதனால் எல்லோருக்கும் தூரம் கூடியது என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே காற்றில், அதே தளத்தில் ஆறாம் இடம் பெற்றவர் தாண்டியது 17.02. ஷ்மித் 1960 ஆகஸ்ட் 5 அன்று ஓல்ஷ்டின் நகரில், அந்தக் காலத்துக் கரித்தூள் ஓடுதளத்தில் ஓடிவந்து தாண்டியது 17.03. பதினேழு மீட்டரைக் கடந்த முதல் மனிதர் அவர். முந்தைய உலக சாதனையான 16.70ஐ ஒரே தாண்டலில் 33 சென்டிமீட்டர் முன்னே தள்ளினார். அதை முறியடிக்க உலகத்துக்கு எட்டு ஆண்டுகள் தேவைப்பட்டன.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். கல்லூரியில் நானும் மும்முறைத் தாண்டுதல் வீரன்தான். மூன்று தாண்டல்களில் முதலாவதான ஹாப் முடிந்து, எழும்பிய அதே காலில் இறங்கும்போது உடம்பின் மொத்த எடையும் முழங்காலில் வந்து இடிக்கும். அப்படி ஒரு இறக்கத்தில் என் வலது முழங்கால் போனது. எட்டு மாதம் கழித்துத் திரும்பி வந்து, என் வாழ்நாளின் மிக நீண்ட தூரத்தைத் தாண்டி, ஐந்தாம் இடம் பெற்றேன். மணலில் பதிந்த குதிகால் தடத்தில் டேப்பின் நுனியைப் பிடித்திருந்த பையன் தூரத்தை இரண்டு முறை உரக்கச் சொன்னான். பயிற்சியாளர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இடம் என்ன?" என்று மட்டும் கேட்டார். இருபது ஆண்டுகள் ஆகியும் அந்தக் கேள்வி எனக்கு ஆறவில்லை.

உன் கதையும் உலக சாதனையாளர் கதையும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். தன்னை முந்த ஆறு பேர் வளர்ந்து வந்தது ஷ்மித்தின் வீழ்ச்சியா? 2024 ஜூலையில், 89 வயதில் அவர் இறந்தபோது ஒரு வரிகூட எழுதாதவர்கள், இப்போது பட்டியலை நிரப்ப மட்டும் அவரைத் தேடி எடுத்திருக்கிறார்கள். பதிவை நீக்கச் சொல்லவில்லை. ஏழாம் இடம் என்று எழுதிய அதே வரியில் 16.89 என்பதையும் சேர்த்துவிடுங்கள்.